சாலையின் அரசி பெஸ்ஸி ஸ்ட்ரிங்ஃபீல்ட்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

நாடாண்ட பெண்களைப் பற்றியும், நோயாளருக்குத் தொண்டு செய்த பெண்களைப் பற்றியும், விண்ணில் பறந்த பெண்களைப் பற்றியும் நாம் பல கட்டுரைகள் படித்திருக்கிறோம். மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஒரு பெண்மணியைப் பற்றி இந்த மலரில் எழுத விரும்புகிறேன். இதைக் கேட்டதும் சில தோழியர் சிரிக்கக்கூடும். வண்டி ஓட்டுவதும் ஒரு சாதனையா என்று கேட்கவும் கூடும். நம் புதுவை வீதிகளில் இன்று ஆசிரியைகளும் செவிலியரும் கடை வேலைக்குச் செல்லும் பெண்களும் ஸ்கூட்டரில் போய் வருகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் ஒரு பெண் தன்னந்தனியாக, ஊர் பேர் தெரியாத சாலையில், இரவு எங்கே தங்குவது என்பதும் தெரியாமல், மோட்டார் சைக்கிளில் புறப்படுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் நம் வீடுகளில் எத்தனை கேள்விகள் எழும்! அப்படியிருக்க, 1930ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில், கறுப்பினத்தவரை மனிதராகவே மதிக்காத பல ஊர்களின் வழியே ஒரு கறுப்பினப் பெண் தனியாகப் பயணம் செய்தார். அவர்தான் பெஸ்ஸி ஸ்ட்ரிங்ஃபீல்ட் அம்மையார். அமெரிக்க நாட்டை மோட்டார் சைக்கிளில் தனியாகக் கடந்த முதல் கறுப்பினப் பெண் என்று அவரைப் போற்றுகின்றனர்.

பிறப்பும் இளமையும்

பெஸ்ஸி அம்மையாரின் பிறப்பைப் பற்றி இரண்டு வரலாறுகள் வழங்குகின்றன. முதலாவது, அவரே சொல்லி வந்தது. அதன்படி அவர் 1911ஆம் ஆண்டு ஜமைக்கா தீவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்தார். குழந்தையாக இருக்கும்போதே பெற்றோருடன் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு வந்தார். அங்கே தாய் இறந்து போனார். தந்தை கைவிட்டு விட்டார். ஆதரவற்ற அந்தச் சிறுமியை அயர்லாந்து நாட்டு வழியில் வந்த ஒரு கத்தோலிக்கப் பெண்மணி எடுத்து வளர்த்தார். அந்த வளர்ப்புத் தாயின் பெயரை வெளியிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்ததால் பெஸ்ஸி கடைசி வரை யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

இரண்டாவது, அவர் மறைந்த பின் உறவினர் சொல்லியும் பழைய பதிவேடுகளைப் பார்த்தும் தெரிய வந்தது. இதன்படி அவர் அமெரிக்காவிலேயே, வட கரோலினா மாநிலத்தின் ஈடன்டன் என்னும் ஊரில், ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். ஜேம்ஸ் வைட், மேகி செர்ரி என்போர் அவருடைய பெற்றோர். அவர் யாராலும் தத்து எடுக்கப்பட்டவர் அல்லர்.

இவ்விரண்டில் ஏடுகள் சொல்வதையே வரலாறு என்று கொள்ள வேண்டும். ஆயினும் முதல் வரலாற்றை நாம் எறிந்துவிட வேண்டியதில்லை. ஒருவர் தம்மைப் பற்றி எதைச் சொல்ல விரும்பினார் என்பதும் அவரை அறிய உதவும். கேட்டதைக் கொடுக்கும் ஒரு தாய், கேட்கும்படி சொல்லித்தரும் ஒரு தாய், தமக்கு இருந்ததாக அவர் எல்லோரிடமும் சொன்னார். இனப் பகை நிறைந்த ஒரு நாட்டில், வெள்ளை நிறத் தாய் ஒருத்தி கறுப்பு நிறக் குழந்தையை அணைத்து வளர்த்த கதையை அவர் தம் வாழ்வோடு சேர்த்துக்கொண்டார் என்பது சிந்திக்கத்தக்கது.

கனவில் கற்ற பாடம்

பதினாறு வயதில் பெஸ்ஸி ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டுமென்று ஆசைப்பட்டார். நல்ல பெண்கள் மோட்டார் சைக்கிள் ஓட்ட மாட்டார்கள் என்று எல்லோரும் நினைத்த காலம் அது. ஆனாலும் அவருக்கு 1928ஆம் ஆண்டின் இந்தியன் ஸ்கவுட் என்னும் வண்டி கிடைத்தது. பெயரைப் பார்த்து அது நம் நாட்டில் செய்த வண்டி என்று எண்ண வேண்டாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் செய்யப்பட்ட வண்டி அது. அமெரிக்கப் பழங்குடி மக்களைக் குறிக்கும் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தார்கள்.

அக்காலத்து மோட்டார் சைக்கிள், பொத்தானை அழுத்தியதும் புறப்படும் வண்டி அன்று. காலால் ஓங்கி உதைத்து எஞ்சினைக் கிளப்ப வேண்டும். கிளட்சைக் காலால் இயக்க வேண்டும். கியர் மாற்றும் கோல் பெட்ரோல் தொட்டியின் பக்கத்தில் இருக்கும். கியர் மாற்றும்போதெல்லாம் ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து விட்டு மறு கையால் வண்டியைச் சமாளிக்க வேண்டும். பள்ளமும் கல்லும் நிறைந்த சாலையில் இதைச் செய்வது எளிதான செயலன்று.

இதை அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் யார்? இயேசு பெருமானே என்று அம்மையார் சொல்லி வந்தார். மேலே இருப்பவருக்கு ஒரு கடிதம் எழுதித் தலையணையின் கீழ் வைத்துத் தூங்கினாராம். கனவில் கியரை மாற்றி வண்டி ஓட்டுவதாகக் கண்டாராம். காலையில் எழுந்து வண்டியில் ஏறியதும் ஓட்ட முடிந்ததாம். இதை நம்புவோரும் உண்டு. புன்னகை செய்வோரும் உண்டு. ஆனால் ஒன்று உறுதி. தமக்குத் துணையாக ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணம் அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை. தனியாகப் போன பெண் என்று நாம் அவரைச் சொல்கிறோம். தாம் தனியாகப் போகவில்லை என்றே அவர் நினைத்தார்.

நாணயம் காட்டிய வழி

1930ஆம் ஆண்டு அவர் தம் நெடும் பயணங்களைத் தொடங்கினார். எங்கே போவது என்று எப்படி முடிவு செய்தார் தெரியுமா? அமெரிக்க நாட்டின் வரைபடத்தை விரித்து வைப்பார். ஒரு செப்புக் காசைச் சுண்டி அதன் மேல் போடுவார். காசு எந்த ஊரில் விழுகிறதோ அந்த ஊருக்குப் புறப்பட்டு விடுவார்! பார்க்க விளையாட்டுப் போலத் தோன்றினாலும், எந்த ஊராக இருந்தாலும் போய்ச் சேர்வேன் என்ற துணிவு உள்ளவருக்கே இது இயலும்.

அமெரிக்கா எவ்வளவு பரந்த நாடு! கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர். நம் புதுவையிலிருந்து டில்லிக்குப் போய்த் திரும்பி வரும் தொலைவுக்கு இது ஈடாகும். இன்றுள்ள அகன்ற நெடுஞ்சாலைகள் அன்று இல்லை. அவற்றுக்கான சட்டமே 1956ஆம் ஆண்டில்தான் வந்தது. மண் சாலையிலும் சரளைக்கல் சாலையிலும் மழையிலும் வெயிலிலும் அம்மையார் சென்றார். 1930களிலும் 1940களிலும் இப்படி எட்டு முறை நாடு தழுவிய நெடும் பயணம் செய்தார். அந்நாளில் இருந்த 48 மாநிலங்களையும் பார்த்து முடித்தார். ஐரோப்பா, பிரேசில், ஹைதி ஆகிய வெளிநாடுகளிலும் வண்டி ஓட்டினார்.

கதவடைத்த விடுதிகள்

வழியும் வண்டியும் தந்த தொல்லையை விட மனிதர் தந்த தொல்லையே பெரிது. அன்று அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஜிம் குரோ சட்டங்கள் என்ற பெயரில் இன ஒதுக்கல் சட்டமாகவே இருந்தது. வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்கு ஒரு பள்ளி. வெள்ளையருக்கு ஒரு தண்ணீர்க் குழாய், கறுப்பருக்கு வேறு குழாய். சூரியன் மறைந்த பின் கறுப்பர் எவரும் ஊருக்குள் இருக்கக்கூடாது என்று விதித்திருந்த ஊர்களும் பல இருந்தன. சட்டம் இல்லாத வட மாநிலங்களிலும் வழக்கம் இருந்தது.

தோழியரே, இது எங்கோ நடந்தது என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. நம் புதுவையையே எண்ணிப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலோரம் இருந்த பகுதிக்கு வெள்ளை நகரம் என்று பெயர். மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதிக்குக் கறுப்பு நகரம் என்று பெயர். இன்று நாம் அந்த வாய்க்காலை ஒரு நாளில் எத்தனையோ முறை கடக்கிறோம். கடக்கிறோம் என்ற நினைவே வருவதில்லை. நம் கிராமங்களில் தேநீர்க் கடையில் சிலருக்கென்று தனிக் குவளை வைத்த கொடுமையும் நாம் அறிந்ததே. ஒரு குவளையும் ஒரு வாய்க்காலும் மனிதரைப் பிரிக்கும் என்றால், ஒரு படுக்கையும் பிரிக்கத்தானே செய்யும்?

பெஸ்ஸி அம்மையார் களைத்துப் போய் ஒரு விடுதியின் வாசலில் வண்டியை நிறுத்துவார். இடமில்லை என்று அனுப்பி விடுவார்கள். கறுப்பினக் குடும்பம் ஏதேனும் அந்த ஊரில் இருந்தால் அவர்கள் வீட்டில் இடம் கிடைக்கும். இல்லையென்றால் பெட்ரோல் பங்குக்குப் போவார். மேல்சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கைப்பிடியின் மேல் தலையணையாக வைப்பார். பின் சக்கர மூடியின் மேல் காலை நீட்டி, வண்டியின் மேலேயே படுத்து உறங்கி விடுவார். விடிந்ததும் எஞ்சினை உதைத்துக் கிளப்பிப் பயணத்தைத் தொடர்வார். ஒரு முறை வெள்ளையன் ஒருவன் தன் சரக்கு வண்டியால் இடித்து அவரைச் சாலையை விட்டுத் தள்ளினான். அதையும் பயணத்தில் வரும் மேடு பள்ளங்களில் ஒன்றாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

கறுப்பினப் பயணிகளுக்கு எந்த ஊரில் எங்கே உணவும் இடமும் கிடைக்கும் என்று சொல்லும் பச்சை நிறக் கையேடு ஒன்றை நியூயார்க்கைச் சேர்ந்த தபால் ஊழியரான விக்டர் கிரீன் என்பவர் 1936ஆம் ஆண்டு முதல் வெளியிட்டார். பெஸ்ஸி முதன்முதலாகப் புறப்பட்டபோது அந்தக் கையேடும் இல்லை. விடுதிகள் நிறம் பார்த்து இடம் மறுப்பது குற்றம் என்ற சட்டம் 1964ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பெண் சாலையில் இறங்கி விட்டார். அவர் ஊர்வலம் போகவில்லை; கோஷமும் போடவில்லை. போகக்கூடாது என்ற இடத்துக்கெல்லாம் போய்க் காட்டினார்.

மரணக் கிணறு

பயணத்துக்குப் பணம் வேண்டுமல்லவா? வழியில் நடக்கும் திருவிழாக் கூடாரங்களில் அவர் சாகசங்கள் செய்து காட்டிப் பணம் ஈட்டினார். நம் ஊர்ப் பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள். பலகையால் அமைத்த வட்டச் சுவரின் மேல் வண்டி படுத்தவாறே சுழன்று ஓடும். பார்ப்பவர்க்கு நெஞ்சு படபடக்கும். அந்தச் சாகசத்தையும் அவர் செய்தார்.

ஒரு முறை மண் தடத்தில் நடந்த பந்தயத்தில் ஆண் வேடமிட்டுக் கலந்துகொண்டு வெற்றியும் பெற்றார். தலைக்கவசத்தைக் கழற்றியதும் பெண் என்று தெரிந்தது. பரிசுப் பணத்தைக் கொடுக்க மறுத்து விட்டார்கள். ஓடிய வண்டி ஒன்றே. கடந்த தொலைவும் ஒன்றே. தலைக்கவசத்துக்குள் இருந்தவர் யார் என்பதை வைத்துப் பரிசை மாற்றினார்கள்! இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கும் வரும் என்று நம்புகிறேன்.

போர்க்காலப் பணி

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 1941ஆம் ஆண்டு டிசம்பரில் இறங்கியது. போர்க்காலத்தில் பெஸ்ஸி அம்மையார் இராணுவத்துக்காகக் கடிதங்களும் ஆவணங்களும் கொண்டு செல்லும் பணியில் சேர்ந்தார். அவருடைய பிரிவில் அவர் ஒருவரே பெண். உள்நாட்டு இராணுவத் தளங்களுக்கிடையே செய்திகளை எடுத்துச் சென்றார். இதற்குத் தம் சொந்த வண்டியையே பயன்படுத்தினார். நீல நிறம் கொண்ட அந்த ஹார்லி டேவிட்சன் வண்டியின் எஞ்சின் 61 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 1000 சி.சி. அத்தகைய வண்டியின் எடை கால் டன் இருக்கும். முன்பக்கத்தில் இராணுவச் சின்னம் பொருத்தியிருந்தார்.

பயிற்சியும் கடுமையாக இருந்தது. கயிற்றையும் மரக்கிளைகளையும் கொண்டு தாமே ஒரு சிறு பாலம் அமைத்துச் சதுப்பு நிலத்தைக் கடக்கவும் கற்றுக்கொண்டார். எந்த நாடு அவருக்கு ஓர் இரவு படுக்கை தர மறுத்ததோ, அந்த நாட்டுக்கே அவர் நான்கு ஆண்டுகள் இவ்வாறு உழைத்தார்.

மயாமியின் அரசி

1950களில் அம்மையார் புளோரிடா மாநிலத்தின் மயாமி நகர்ப் பகுதியில் வீடு வாங்கிக் குடியேறினார். செவிலியர் பயிற்சி பெற்று நோயாளருக்குத் தொண்டு செய்தார். ஆனால் மோட்டார் சைக்கிளை விடவில்லை. கறுப்பினப் பெண் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதா என்று உள்ளூர்க் காவலர்கள் அவரை அடிக்கடி மறித்துத் தொல்லை கொடுத்தனர்.

அவர் அழவில்லை, வண்டியையும் மூலையில் நிறுத்தவில்லை. நேரே காவல்துறை உயர் அதிகாரி ஒருவரிடம் போய் முறையிட்டார். வெள்ளையரான அந்த அதிகாரி, ஒரு பூங்காவுக்கு அழைத்துச் சென்று, ஓட்டிக் காட்டும்படி கேட்டார். எட்டு வடிவத்தில் வளைத்தும் வேறு வித்தைகள் செய்தும் அம்மையார் ஓட்டிக் காட்டினார். அதன் பிறகு காவலர் தொல்லை நின்றது. அநீதியைக் கண்டு வாய் மூடி இராமல் உரிய இடத்தில் கேட்க வேண்டும். கேட்கும்போது கையில் திறமையும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் அந்த ஒரு நாளில் அவருக்கு உதவின.

அயர்ன் ஹார்ஸ், அதாவது இரும்புக் குதிரை என்ற பெயரில் அவர் ஒரு மோட்டார் சைக்கிள் சங்கத்தையும் நிறுவினார். ஊர்வலங்களில் இருக்கையின் மேல் எழுந்து நின்றபடி வண்டி ஓட்டுவார். செய்தித்தாள்கள் அவரை மயாமியின் மோட்டார் சைக்கிள் அரசி என்று எழுதின. தம் வாழ்நாளில் அவர் 27 ஹார்லி டேவிட்சன் வண்டிகள் வைத்திருந்தார்.

அவருடைய இல்லற வாழ்வில் துன்பம் மிகுந்திருந்தது. முதல் கணவரோடு வாழ்ந்தபோது மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்தார். அதன் பின் அவருக்குக் குழந்தை இல்லை. ஆறு முறை மணம் புரிந்தார். மூன்றாம் கணவரின் குடும்பப் பெயரே ஸ்ட்ரிங்ஃபீல்ட். நீ இப்பெயருக்குப் புகழ் சேர்த்துவிட்டாய் என்று அக்கணவர் கேட்டுக்கொண்டதால் அதையே கடைசி வரை வைத்துக்கொண்டார்.

இறுதி நாட்கள்

முதுமையில் அம்மையாருக்கு இதய நோய் வந்தது. வண்டி ஓட்டுவதை நிறுத்தும்படி மருத்துவர் சொன்னார். ஓட்டாவிட்டால் நெடுநாள் வாழ மாட்டேன் என்று எண்ணி அவர் நிறுத்தவில்லை. ஆன் ஃபெரார் என்னும் பெண் எழுத்தாளர் அவருடன் நட்புக் கொண்டு அவர் வாழ்வை எழுத்தில் பதித்தார். 1990ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலத்தில் மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, பெண்களுக்கான கண்காட்சியில் பெஸ்ஸி அம்மையாருக்கும் இடம் தந்தார்கள். 1993ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் 2000ஆம் ஆண்டில் அவர் பெயரால் ஒரு விருதை ஏற்படுத்தியது. 2002ஆம் ஆண்டில் தன் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது. ஒரு பந்தயத்தில் பரிசு பெற முடியாமல் போன பெண்ணின் பெயரிலேயே பரிசு வழங்கும் நாள் வந்தது!

முடிவுரை

இக்கட்டுரையைப் படித்து விட்டு நாம் எல்லோரும் மோட்டார் சைக்கிளில் ஏறிப் புறப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம்மில் பலர் பதினெட்டு வயது ஆகும் வரை உரிமத்துக்கே காத்திருக்க வேண்டும். நம் பெற்றோர் எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்பது நம் மேல் உள்ள அன்பால்தான். ஆனால் அந்தக் கேள்விக்குள் மறைந்திருக்கும் அச்சம் எதைப் பற்றியது? சாலையைப் பற்றிய அச்சமா? இல்லை. சாலையில் எதிர்ப்படும் மனிதரைப் பற்றிய அச்சம். எனவே பெண்ணை வீட்டில் நிறுத்தி வைத்து மட்டும் அதைத் தீர்த்துவிட முடியாது. மனிதர் மாற வேண்டும்.

பெஸ்ஸி அம்மையாரின் துணிவை எல்லோரும் புகழ்கிறார்கள். அவருக்குக் கதவு திறந்த குடும்பங்களை யாரும் நினைப்பதில்லை. பெயர் தெரியாத அந்தக் கறுப்பின மக்கள், இரவில் வந்து நின்ற முன்பின் அறியாத பெண்ணுக்குச் சோறும் படுக்கையும் தந்தார்கள். தங்களுக்கே குறைவாக இருந்ததைப் பகிர்ந்துகொண்டார்கள். அவர்கள் இல்லையென்றால் இன்னும் பல இரவுகள் அவர் பெட்ரோல் பங்கில்தான் உறங்கியிருப்பார். அந்நியரை வரவேற்பது ஆண்டவரையே வரவேற்பதாகும் என்று நாம் மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறோம். அதன் பொருள் இதுதான்.

நம்மில் சிலர் ஒரு நாள் பெஸ்ஸியைப் போல நெடுந்தொலைவு போகலாம். மற்றவர்கள் வீட்டில் இருக்கலாம். போகிறவர்கள் தம் வேலையை நன்றாகக் கற்றுக்கொண்டு போகட்டும். வீட்டில் இருப்பவர்கள், களைத்து வரும் பெண் ஒருத்தி கதவைத் தட்டினால், அவள் நிறமும் சாதியும் மதமும் கேளாமல் திறக்கட்டும்.